கொடுக்கிற பக்கம்

பாவு கோப்பதற்கு, அதாவது தறியின் நெடுக்குக் கம்பிகளை ஊசிகளில் மாட்டுவதற்கு, இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தறிக்குப் பின்னால் உட்கார்ந்து, உருளையிலிருந்து வருகிற கம்பிகளை வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்ட வேண்டும். இன்னொருத்தி முன்னால் உட்கார்ந்து, ஊசிக் கண்ணுக்குள் கொக்கியை விட்டு, நீட்டிய கம்பியைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். நடுவில் நாலு சட்டம். சட்டம் முழுக்க நெருக்கமாகத் தொங்கும் ஊசிகள். தையல் நூல் கனத்துக்கு எஃகுக் கம்பி. ஒரு பாவு முடிய இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளும் எதிரில் இருப்பவளின் முகம் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒரு கண், கொஞ்சம் மூக்கு, வெற்றிலை மெல்லும் வாயில் பாதி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அந்தக் கம்பிவலைக் கம்பெனியில் சாராளும் கனகாம்பாளும் இப்படி எதிரெதிரே உட்கார ஆரம்பித்தது சாராளின் மகள் கிறிஸ்டினா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். கிறிஸ்டினாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கனகாம்பாள் பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்துக்காரி, சாராளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சாராளுக்குச் சொந்த ஊரே இதுதான். கம்பெனி இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவள் அம்மா நாற்று நட்டாள். அதை நினைத்து அந்த வீட்டில் யாரும் கண்ணீர் விட்டதில்லை. நிலம் அவர்களுடையதாகவும் இருந்ததில்லை, கூலியும் ஒழுங்காக வந்ததில்லை.

இரண்டு பெண்களும் தங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். முதல் நாள் இழுத்தவள் மறுநாள் கொடுப்பாள். கொடுக்கிறவளுக்குக் கை தப்பிவிட்டால் உடனே "நிறுத்து" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் இழுக்கிறவள் திட்டக் கூடாது. எப்படித் தப்பியது, எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, தப்பின இடம் வரைக்கும் கோத்ததை உருவிவிட்டு, மறுபடி கோக்க வேண்டும். ஏனென்றால் முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கொடுத்ததை இழுப்பாள், அவ்வளவுதான். ஆனால் வலையில் குறை வந்தால் ஆபீஸில் இழுத்தவள் பெயர்தான் அடிபடும். இடது பாதியில் குறையென்றால் முதல் நாள் இழுத்தவள். வலது பாதியென்றால் மறுநாள் இழுத்தவள். கொடுத்தவள் யார் என்று இதுவரை எந்த சூப்பர்வைசரும் கேட்டதில்லை.

இப்போதைய சூப்பர்வைசர் வீரராகவன். வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வருகிற மனிதர். வரும்போதே பாதி உயிர் போய்விட்டிருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே இருந்து சொல்வதைக் கீழே இறக்கிவிட்டுப் போகிறவர்.

அன்று டீ நேரத்தில் அதைத்தான் இறக்கினார்.

"கம்பி எடுத்துக் குடுக்குறதுக்கு இனிமே கான்ட்ராக்ட் ஆளு வருதும்மா. வர மாசத்துல இருந்து. இழுக்க மட்டும் ஒரு ஆளு போதும்ங்கறாங்க."

"ஒரு ஆளுன்னா?" என்றாள் சாராள்.

"ஒரு ஆளுன்னா ஒரு ஆளுதான்."

"அப்போ இன்னொரு ஆளு எங்க போறது சார், ஏரிக்கா?" என்றாள் கனகாம்பாள். பழவேற்காட்டுக்காரர்களுக்கு ஏரி என்றால் அந்த உப்பங்கழிதான்.

வீரராகவன் டீயை ஊதினார். "என்னைக் கேட்டு இன்னா பண்றது? பால் பவுடர் கம்பெனி வலை ஏறுது இப்போ. போன தபா அவங்க ரோல் ஒண்ணு ரிட்டன் ஆயிடுச்சு. இந்தப் பாவுல யாரு பக்கம் சுத்தமா வருதோ அவங்க இருக்கட்டும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் சொல்லல, அவர் சொல்லிட்டாரு."

அவர் போன பிறகு கனகாம்பாள் டம்ளரை அலசிக் கவிழ்த்தாள்.

"கேட்டியா? நம்ம ரெண்டு பேருக்கும் பரீச்ச வெக்கிறாங்களாம்."

"விடுக்கா."

"நான் எட்டாவதுலயே பெயிலு. நீயாவது பாஸாவு."

சாராள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு வயிற்றுக்குள் இறங்கவில்லை.

அவள் புருஷன் யேசுதாஸ் இரும்புப் பட்டறையில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியில் பிடித்துத் திருப்புகிற வேலையில் இருந்தவன். நாள் முழுக்க வேர்த்துக் கொட்டும், தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று தடவை டயாலிசிஸ். அது சாராளின் ஈஎஸ்ஐ கார்டில்தான் நடக்கிறது. அவள் வேலையில் இருக்கிற வரைக்கும் கார்டு. கார்டு இருக்கிற வரைக்கும் யேசுதாஸ். இதை அவள் யாரிடமும் இந்த மாதிரி சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, கம்பெனிக்கே தெரியும்.

கிட்னியும் ஒரு சல்லடைதான் என்று டாக்டர் விளக்கிய அன்று யேசுதாஸ் ஆட்டோவில் வரும்போது சொன்னான்: "உங்க கம்பெனில வீணாப் போன துண்டு ஒண்ணு எத்துக்கினு வாயேன். உள்ள வெச்சுத் தச்சுடச் சொல்லலாம்."

"ஜல்லி சலிக்கிற வலைதான் கீது, பரவால்லியா?"

"எனுக்கு அதான் கரெக்டு."

ஆட்டோக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

கனகாம்பாள் வீடும் அவள் கையில்தான் ஓடியது. புருஷன் இராமலிங்கம் தினமும் படகெடுத்துப் போகிறான், தினமும் வெறும் வலையைக் காயப் போடுகிறான். கம்பெனியில் கழித்துப் போட்ட முரட்டு வலையைக் கனகாம்பாள் கேட்டு வாங்கிப்போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் விரித்து, அதில்தான் நெத்திலி காயப் போடுவாள். இப்போது வாங்கிக் காயப் போடுகிற நெத்திலி. "மீன்காரன் ஊட்ல மீன் வாங்கித் துன்ற காலம் வந்துருச்சுடி" என்று எப்போதோ ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல மாட்டாள்.

பாவு ஏறியது. முதல் நாள் சாராள் இழுத்தாள், கனகாம்பாள் கொடுத்தாள். வழக்கமாகப் பேச்சு ஓடும். பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டப்போன பக்கத்து வீட்டு மருமகள் செருப்பைத் தொலைத்த கதை, ரேஷன் பருப்பில் கல், இப்படி. அன்று பேச்சு ஓடவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை கனகாம்பாள் "நிறுத்து" என்றாள். இரண்டு கம்பி சேர்ந்து வந்துவிட்டதாம். சாராள் கொக்கியை வைத்தாள், இருவருமாகக் கொஞ்சம் உருவினார்கள், மறுபடி கோத்தார்கள். கனகாம்பாள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சாராளின் பக்கத்தில் குறை விழுந்திருக்கும். வீடு போய்ச் சேர்ந்து காலை நீட்டிய பிறகுதான் சாராளுக்கு அது உறைத்தது. உறைத்ததும் சந்தோஷமாக இல்லை, பாரமாக இருந்தது.

மறுநாள் சாராள் கொடுக்கிற பக்கம்.

விடியற்காலையே யேசுதாஸுக்கு மூச்சு வாங்கியது. முதல் நாள் கூடுதலாகத் தண்ணீர் குடித்திருக்கிறான். கேட்டால் "ஒரு வாய்தான்" என்கிறான். அவனை உட்கார வைத்து, முதுகில் தலையணை அண்டக் கொடுத்து, சோறு வடித்து, அவனுக்கு உப்பில்லாமல் ஒரு குழம்பு, தனக்கு அதே குழம்பில் உப்புப் போட்டு ஒரு டப்பாவில் அடைத்து, ஓடி வந்து கம்பெனி வாசலில் வருகைக் கார்டு தேய்த்தபோது அவளுக்கு ஒரு நாள் வேலை முடிந்த அலுப்பு. நாஷ்டா சாப்பிடவில்லை. மத்தியானம் பசியில் அள்ளிச் சாப்பிட்டாள். தகரக் கூரைக்குக் கீழே, சுவரோரத்து ஃபேன் சூட்டையே திருப்பித் திருப்பி வீசியது. பின்பக்கம் இன்னும் மோசம். உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் குறுகிய இடம், முதுகை நிமிர்த்த முடியாது.

ஆள்காட்டி விரலால் ஒரு கம்பியைப் பிரிக்க வேண்டும், கட்டைவிரலால் தள்ள வேண்டும், நீட்ட வேண்டும். கொக்கி வரும், கவ்வும், போகும். பிரி, தள்ளு, நீட்டு. கண் சொக்கியது. தலை ஒரு தடவை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. கை மட்டும் நிற்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் கழித்துத்தான் பார்த்தாள். கொடுத்து முடித்த கம்பிகளுக்கு நடுவில் ஒன்று பக்கத்துக் கம்பியின் மேலே ஏறிக் குறுக்கே போயிருந்தது. அடுத்ததை முன்னாலும் முன்னதைப் பின்னாலும் கொடுத்திருக்கிறாள். நேராகப் போக வேண்டிய இரண்டும் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு நின்றன. தறி ஓடினால் அந்த இடத்தில் ஒன்றையொன்று தேய்க்கும். தேய்ந்து அறும். முடிச்சுப் போட்டால் மறுபடி அறும். முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இன்னாடி, தூங்கறியா? குடு" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

சாராள் அடுத்த கம்பியைக் கொடுத்தாள்.

சொல்லிவிடலாம். இன்னும் அதிகம் போகவில்லை, கொஞ்சம் உருவினால் போதும். அடுத்த கம்பியைக் கொடுத்தாள். இது வலது பாதி. இன்றைக்கு இழுப்பவள் கனகாம்பாள். இந்த எண்ணம் எங்கிருந்தோ வரவில்லை, நேற்றிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அடுத்த கம்பியைக் கொடுத்தாள். இப்போது சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க மாட்டாள், கேட்கக் கூடாது என்பதுதானே பழக்கம். கேட்காமல் கொக்கியை வைப்பாள், அவ்வளவுதான். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை. கேட்டுத் திட்டுகிறவளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. கொடுத்தாள். டீ வந்தது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க, உருவ வேண்டிய கம்பிகள் கூடிக்கொண்டே போய், கடைசியில் சொல்ல முடியாத அளவுக்கு ஆகிவிட்டது. அப்படி ஆகிவிட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இனிமேல் யோசிக்க வேண்டாம்.

சாயங்காலம் கடைசிக் கம்பியை இழுத்துவிட்டு கனகாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சுத்தமா வந்துச்சுடி. ஒரு தபாகூட நீ நிறுத்து சொல்லல பாரு."

"ம்" என்றாள் சாராள்.

அன்று வீட்டில் அவள் உப்புப் போட்ட குழம்பையே யேசுதாஸ் தட்டில் ஊற்றிவிட்டாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு ரொம்ப நாள் கழித்து ருசியாக இருக்கிறது என்றான். தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

காலையில் தறி ஓட்டுகிற கலியன் தறியைக் கிளப்பினான். தொட்டதற்கெல்லாம் தறியிடம் பேசுகிற ஆள். "வா கண்ணு, படுத்தாம வா" என்று சொல்லிக் கைப்பிடியைத் தள்ளினான். சட்டங்கள் ஏறி இறங்கின, குறுக்குக் கம்பி பாய்ந்தது, அடிப்பான் வந்து அடித்தது. டப், டப், டப். சாராளும் கனகாம்பாளும் பக்கத்துத் தறிக்கு ஊசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாராள் காது அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. கை ஊசியை மாட்டியது, காது அறுகிற கம்பிக்காகக் காத்திருந்தது.

அறுந்தது. கலியன் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டினான். கொஞ்ச தூரம் போய் அதே இடத்தில் மறுபடி அறுந்தது.

"இன்னாடா இது பேஜாரு" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் புகுந்தான். கம்பி கம்பியாக வெளிச்சம் அடித்துப் பார்த்தான். அதற்குள் வீரராகவன் வந்துவிட்டார். தறி நின்றால் அவருக்கு உடம்பிலேயே தெரியும்.

"இன்னாய்யா?"

"கம்பி மேல கம்பி ஏறினுகீது சார்."

"எந்தப் பக்கம்?"

"வலப் பக்கம்."

"வலப் பக்கம் யாரு இழுத்தது?"

கலியன் வெளியே வந்து நிமிர்ந்தான். "சார், இது இழுக்குறவங்க தப்பு இல்ல. பின்னாடி இருந்து குடுக்…"

"யாரு இழுத்ததுன்னு கேட்டேன்."

கலியன் சாராளைப் பார்த்தான். சாராள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். கனகாம்பாள் சாராளைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. ஒரு ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் கொடுத்தாள். அதற்குப் பிறகும் கொஞ்சம் கொடுத்தாள்.

"நான்தான் சார் இழுத்தேன்" என்றாள்.

வீரராகவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் இது பிடித்த வேலையில்லை. "சரி. அந்த இடம் வரைக்கும் உருவிட்டுத் திரும்பக் கோத்துக் குடுத்துடுங்க. லாரி நாளிக்கி வருது." போகத் திரும்பியவர் நின்றார். "கனகாம்மா, இந்த மாசத்தோட… ஆபீஸ்ல வந்து பாத்துட்டுப் போங்க. நான் எழுதிக் குடுக்கறேன், உங்குளுக்கு வர வேண்டியது எல்லாம் வந்துரும்."

"வருட்டும் சார்."

கலியன் பீடி பிடிக்க வெளியே போனான். போகும்போது சாராள் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். கனகாம்பாள் சாக்கு மடித்துத் தைத்த தன் மணையை எடுத்துப்போய்த் தறிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். குடைக்கம்பியை ராவி இராமலிங்கம் செய்து கொடுத்த கொக்கியை இடுப்பிலிருந்து எடுத்தாள். சாராள் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தாள். சண்டை போட்டவர்கள் பாவில் எதிரெதிரே உட்காரக் கூடாது, கம்பி சிக்கும் என்று அந்தக் கம்பெனியில் சொல்வார்கள். இவர்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

ஒவ்வொன்றாக உருவினார்கள். ஊசிக் கண்ணிலிருந்து கழன்ற கம்பி பின்பக்கம் வந்து விழ, சாராள் வரிசையாக ஒதுக்கினாள். ஊசிகளுக்கு நடுவில் கனகாம்பாளின் ஒரு கண் தெரிந்தது. அது கம்பியைப் பார்த்தது, இவளைப் பார்க்கவில்லை.

"எப்போ பாத்த?" என்றாள் கனகாம்பாள்.

சாராளின் விரல் ஒதுக்கிய கம்பிகளின் மேல் நின்றது. "சாப்ட்டு வந்து… கொஞ்ச நேரத்துல."

"அப்பவேவா."

"தூங்கிட்டேங்க்கா. தெரியாமதான் மாறிப்போச்சு. சத்தியமா."

"மாறினத கேக்கல. மாறாத கையி எது? முந்தாநேத்து எனுக்கும்தான் தப்புச்சு. பாத்துட்டு சொன்னேன்ல?"

சாராள் விழுந்த கம்பியை வரிசையில் சேர்த்தாள்.

"பாத்துட்டு சாயங்காலம் வரிக்கும் குடுத்துக்கினே இருந்த. நானும் மாடு மாதிரி இழுத்துக்கினே இருந்தேன். எயுந்து வேற, சுத்தமா வந்துச்சுன்னு சொன்னேன். ம்முன்ன."

ஒரு கம்பி கழன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"அண்ணனுக்கு டயாலிசிஸ் என்னிக்கு?"

"நாளிக்கி."

"ம்."

அந்த 'ம்' வசையாக வந்திருந்தால் சாராள் தாங்கியிருப்பாள். அது வெறும் 'ம்'. கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் போய் சார் கிட்ட சொல்லிடறேங்க்கா. குடுத்தது நான்தான்னு சொல்லிடறேன்."

"சொல்லு."

கொக்கி நின்றது. கனகாம்பாளின் கண் இப்போது நேராக இவளைப் பார்த்தது. ஆபீஸ் அந்தக் கடைசியில்தான், கண்ணாடிக் கதவு இங்கிருந்தே தெரிகிறது. எழுந்து நாலு தறியைத் தாண்டினால் போதும். சாராள் உருளையின் இரும்பு விளிம்பைப் பிடித்தாள். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். யேசுதாஸின் இடது கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன நரம்பு ஞாபகம் வந்தது. தொட்டால் உள்ளே உர்ரென்று ஓடும். அந்த ஓட்டம் அவள் விரலிலேயே இருப்பது போல இருந்தது. விளிம்பை விடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

கனகாம்பாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏந்துக்கல பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை பார் என்பது போலச் சொன்னாள். "அப்புறம் எதுக்குச் சொல்லிடறேன் சொல்லிடறேன்னுகினு? என்னிக்கும் இனிமே அத்த யார்கிட்டயும் சொல்லாத. சும்மா சொல்லிக் காட்டி என்னையும் பாவம் பாக்க வெக்காத. எனுக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

பெருக்கல் குறி போட்ட இடம் வந்தது. கனகாம்பாள் கொக்கியின் முனையால் அந்த இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டாள். சாராள் அவற்றைப் பிரித்தாள். தேய்ந்த இடத்தில் கம்பி வெளுத்திருந்தது. அறுந்து கலியன் முடிந்த முடிச்சு விரலில் குத்தியது. நிறைந்த கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கையைத் துடைக்கப் பயன்படுத்த முடியாது, கையில் கம்பி இருந்தது.

வெளியே சங்கு ஊதியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் டப்பாவோடு போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் எழவில்லை. கோக்க வேண்டியது நிறைய இருந்தது.

கனகாம்பாள் வெற்றிலைச் சாற்றை ஓரமாக டப்பாவில் துப்பிவிட்டு, கொக்கியைப் புடவையில் ஒரு தடவை துடைத்து, முதல் சட்டத்தின் ஊசிக் கண்ணுக்குள் நுழைத்தாள். கொக்கியின் நுனி சாராள் பக்கம் எட்டிப் பார்த்து நின்றது.

"குடு."

சாராள் கம்பியைப் பிரித்தாள், பக்கத்துக் கம்பியோடு ஒட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவையும் பார்த்தாள், நீட்டினாள். கொக்கி கவ்விக்கொண்டு போனது.

"அடுத்தது குடு."

கொடுத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரு கம்பிகூடத் தப்பவில்லை.